9.79 என்று மட்டும் சொன்னால் போதாது

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டி முடிவுத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலிடம் நோவா லைல்ஸ், 9.79. இரண்டாமிடம் கிஷேன் தாம்சன், அவருக்கும் 9.79. பக்கத்தில் பொடி எழுத்தில் 9.784, 9.789. மேலே காற்று +1.0. தனிக் கட்டத்தில் ரியாக்‌ஷன் டைம்: லைல்ஸுக்கு 0.178, தாம்சனுக்கு 0.176. எட்டாவதாக வந்த ஒப்லிக் செவிலுக்கே 9.91. உட்கார்ந்து ஒரு வாரம் பேசலாம், அவ்வளவு விஷயம் இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பேச்சு பெரும்பாலும் "9.79 தானே, போல்ட் 9.58 ஓடினாரே" என்பதோடு நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு ஆதங்கம்.

தடகளத்தில் நாம் எண்ணை வைத்துத்தான் வாதாடுகிறோம். அந்த எண் எப்படிப் பிறந்தது, அதன் பக்கத்தில் இன்னும் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாதாடினால் இந்த விளையாட்டு இரண்டு மடங்கு சுவையாக இருக்கும். ஒரு முடிவுத் தாளை எப்படிப் படிப்பது என்பதை, தெரிந்தவரை முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த 9.784. கணக்குப் பாடத்தில் படித்த முறையில் சுருக்கினால் அது 9.78 ஆக வேண்டும். தடகளத்தில் அப்படி இல்லை. தானியங்கிக் கருவி தரும் நேரம் எப்போதும் அடுத்த நூறில் ஒரு பங்குக்கு மேலேதான் ஏற்றப்படும். 9.781 வந்தாலும் 9.79தான். தாண்டுதலிலும் எறிதலிலும் இதற்கு நேரெதிர்: சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது வெட்டப்படும், 8.419 மீட்டர் 8.41 ஆகும். இரண்டிலுமே சந்தேகத்தின் பலன் வீரருக்குப் போகாது. சாலையில் ஓடும் மராத்தானில் இன்னும் கறார், அடுத்த முழு வினாடிக்கே ஏற்றிவிடுவார்கள். ஆகவே "தாளில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று பதிவு போடுவதற்கு முன் ரவுண்டிங் விதியை நினைத்துப் பாருங்கள்.

பழைய பட்டியல்களில் 10.2, 20.6 என்று ஒரே ஒரு தசம இடத்தோடு நேரங்கள் இருக்கும். அவை கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்தவை. துப்பாக்கிப் புகையைப் பார்த்துவிட்டு விரல் அழுத்துவதற்குள் நேரம் போய்விடும். முடிவுக் கோட்டிலோ ஓடிவருபவரைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுவதால் விரல் தாமதிக்காது. அதனால் கை நேரம் உண்மையைவிடக் குறைவாகவே விழும். ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும், 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். குறுந்தூர ஓட்டங்களின் உலக சாதனைக்குத் தானியங்கி நேரம் கட்டாயம் என்று ஆனது 1977-இல். அதற்கு முந்தைய காலத்துப் பட்டியலைக் காட்டி வாதாடுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது கை நேரமா கருவி நேரமா என்பதுதான்.

ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பற்றி ஒரு பெரிய குழப்பம் உண்டு. அது நாம் எடுக்கும் புகைப்படம் மாதிரி ஒரு கணத்தின் படம் இல்லை. முடிவுக் கோட்டுக்கு நேராக வைத்த கேமரா, அந்தக் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாக, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுக்கிறது. பாரிஸில் வினாடிக்கு 40,000 வரை எடுக்கும் கருவி இருந்தது. கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் நாம் பார்க்கும் படம் வரும். அதில் இடமிருந்து வலம் ஓடுவது தூரம் இல்லை, நேரம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் முடிவுக் கோட்டின் மேல்தான் இருந்தது. அதனால்தான் கோட்டின் மேல் ஊன்றிய கால் இழுத்து நீட்டிய மாதிரி தெரியும், கைகள் விசித்திரமாக வளைந்திருக்கும், பின்னணி முழுக்க வெள்ளைக் கோடாகவே இருக்கும்.

நடுவர் அந்தப் படத்தில் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, உடற்பகுதியின் முன் விளிம்பில் நிறுத்துவார். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. பாரிஸில் தாம்சனின் பாதம் லைல்ஸின் பாதத்துக்கு முன்னால் கோட்டைத் தாண்டியது உண்மை. ஆனால் லைல்ஸின் மார்பு முன்னால் வந்தது, தங்கம் அவருக்குப் போனது. டிவி காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இதோ பாருங்கள், யார் முன்னால்?" என்று கேட்பது இந்த இடத்தில் செல்லாது. டிவி கேமரா கோட்டுக்கு நேராக இருப்பதில்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தாலே அருகில் இருக்கும் லேனுக்கும் தள்ளியிருக்கும் லேனுக்கும் இடையே முன்பின் மாறித் தெரியும்.

ரியாக்‌ஷன் டைமுக்கு வருவோம். துப்பாக்கிச் சத்தத்துக்கும், ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டுவதற்கும் இடையே உள்ள நேரம் அது. 0.100-க்குக் கீழே வந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது முந்திப் புறப்பட்ட தவறு. 2022 யூஜின் உலக சாம்பியன்ஷிப்பின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099-க்கு வெளியேற்றப்பட்டார். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரால் 0.100-க்குள் வினையாற்றவே முடியாதா என்ற வாதம் இன்றும் சூடாக இருக்கிறது, அதில் பேச நிறைய உண்டு. 2010 முதல் முதல் தவறுக்கே வெளியேற்றம் என்பதும் அந்த வாதத்தைக் கூர்மையாக்குகிறது. அந்த விதியில்தான் 2011 டேகு உலக சாம்பியன்ஷிப்பின் 100 மீட்டர் இறுதியில் போல்ட்டே வெளியே போனார்.

"ரியாக்‌ஷன் மோசம், அதனால் ஸ்டார்ட் மோசம்" என்று சொல்வதில் ஒரு சறுக்கல் இருக்கிறது. ரியாக்‌ஷன் என்பது வேறு, முதல் 30 மீட்டரில் வேகமெடுப்பது வேறு. லைல்ஸுக்கும் தாம்சனுக்கும் ரியாக்‌ஷனில் வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டுதான். ஆனால் 30 மீட்டரில் லைல்ஸ் கடைசி. அந்தப் பின்னடைவு முழுக்க வேகமெடுக்கும் கட்டத்தில் வந்தது. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஸ்ப்ளிட், அதாவது வழியில் ஒவ்வொரு தூரத்தையும் கடந்த நேரம், வேண்டும். 2009 பெர்லினில் அந்த 9.58 ஓடியபோது போல்ட் 60 மீட்டரை 6.31-இல், 80 மீட்டரை 7.92-இல் கடந்தார். நடுவே அந்த 20 மீட்டருக்கு 1.61 வினாடி, அதாவது மணிக்கு 44.72 கிலோமீட்டர். கடைசி 20 மீட்டர் 1.66. உலக சாதனை ஓட்டத்திலும் முடிவில் வேகம் குறையத்தான் செய்கிறது. கடைசியில் ஒருவர் "பறந்து வந்தார்" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அவர் மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழந்தார் என்பதே நடந்திருக்கும்.

காற்று

எனக்குக் கேட்டால், முடிவுத் தாளில் மிக முக்கியமான எண் இதுதான். அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

பின்காற்று சராசரியாக வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நேரம் சாதனைக்குச் செல்லாது. 100, 200, 100 மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கருவி தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில், தடத்திலிருந்து 2 மீட்டருக்குள், முடிவுக் கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால் இருக்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து 10 வினாடி அளப்பார்கள். தடை ஓட்டங்களுக்கு 13 வினாடி. 200 மீட்டரில் முன்னணி வீரர் நேர்ப்பாதைக்குள் நுழைந்ததிலிருந்து 10 வினாடி மட்டும். நீளம் தாண்டுதலில் வீரர் பலகைக்கு 40 மீட்டர் தொலைவிலுள்ள குறியைக் கடந்ததிலிருந்து 5 வினாடி. மும்முறைக்கு அந்தத் தூரம் 35 மீட்டர். அளந்ததையும் மேல்நோக்கியே சுருக்குவார்கள்: +2.03 என்றால் தாளில் +2.1, சாதனை போச்சு. அதே விதியில் -2.03 என்பது -2.0 ஆகும்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரியும். ஒன்று, 200 மீட்டரின் காற்று எண் வளைவில் என்ன நடந்தது என்று சொல்லவே சொல்லாது. நேர்ப்பாதையில் +1.5 பின்காற்று என்றால் வளைவின் முற்பகுதியில் எதிர்காற்று அடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு, எட்டு லேனுக்கும் ஒரே கருவி, ஒரே சராசரி. நடுவில் அடித்த ஒரு வீச்சு எந்த லேனுக்கு உதவியது என்று அந்த எண்ணிலிருந்து எடுக்க முடியாது.

காற்று எவ்வளவு நேரத்தைத் தரும் என்பதற்கு ரசிகர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு: ஆண்கள் 100 மீட்டரில் +2.0 காற்று சுமார் 0.10 வினாடி கொடுக்கும். பெண்களுக்கு அதைவிடச் சற்று அதிகம். -2.0 எதிர்காற்று அதைவிட அதிகமாகப் பிடுங்கும், ஏனென்றால் எதிர்ப்பு காற்றுக்கும் உடலுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 2011 டேகுவில் யோகன் பிளேக் வென்ற 9.92-ஐப் பார்த்து "மெதுவான இறுதி" என்பவர்கள், பக்கத்தில் -1.4 என்று எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை.

காற்று அதிகமானால் சாதனைதான் போகும், இடம் போகாது. 2022 யூஜினில் டோபி அமுசன் அரையிறுதியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தை +0.9 காற்றில் 12.12-இல் முடித்தார், உலக சாதனை. அதே நாள் இறுதியில் 12.06, ஆனால் காற்று +2.5. தங்கம் அந்த 12.06-க்கு, சாதனை 12.12-க்கு. இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டுக் குழம்புவது வாடிக்கையாக நடக்கிறது.

தாண்டுதலில் இதன் உச்சம் 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பின் நீளம் தாண்டுதல். கார்ல் லூயிஸ் 8.91 தாண்டினார், பாப் பீமனின் 8.90-ஐ மிஞ்சினார், ஆனால் காற்று +2.9. அடுத்த சுற்றில் மைக் பவல் +0.3 காற்றில் 8.95. அந்த இரவின் மொத்த வரிசையையும் எடுத்துப் பார்த்தால் லூயிஸ் -0.2 எதிர்காற்றில் 8.87 தாண்டியிருப்பதும் தெரியும். அந்த 8.87-ஐப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கு அது அந்தப் போட்டியின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்று. பீமனின் 8.90-க்கு 1968 மெக்சிகோ நகரத்தில் பதிவான காற்று சரியாக +2.0, இடம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்கு இல்லை. அன்று அதே மைதானத்தில் அதே மெல்லிய காற்றில் தாண்டிய வேறு யாரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1,000 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட இடமென்றால் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' என்று குறிப்பார்கள். சாதனை செல்லும், ஆனால் குறிப்போடு. குறுந்தூரத்துக்கும் தாண்டுதலுக்கும் மெல்லிய காற்று உதவும். 1500 மீட்டரும் அதற்கு மேலும் ஆக்சிஜன் குறைவால் அடி வாங்கும். 400 மீட்டர் வரை ஆதாயம், அதன் பிறகு கேள்விக்குறி என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவியே சந்தேகத்துக்குள்ளான கதைகளும் உண்டு. பெண்கள் 100 மீட்டரில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் 10.49, 1988 இண்டியானாபொலிஸ், காற்று 0.0. அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறை தாண்டுதலில் கருவி +4.3 காட்டியது. மறுநாள் இறுதியில் அவர் +1.2 காற்றில் 10.61 ஓடினார். எலைன் தாம்சன் ஹேரா 2021-இல் +0.9 காற்றில் ஓடிய 10.54-ஐ எங்கே வைப்பது என்ற விவாதம் இந்தத் தகவல்கள் இல்லாமல் நடந்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது. 1995-இல் செஸ்ட்ரியேரேயில் இவான் பெட்ரோசோ நீளம் தாண்டுதலில் தாண்டிய 8.96 ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதே திசையில்தான்: கருவிக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார் என்ற பிரச்சினையால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை.

சுற்றுகளை எண்ணுவது

நடுத்தூர ஓட்டத்தில் பெரும்பாலான குழப்பம் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வருகிறது. 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஓட்டம் தொடங்கி முதல் முறை முடிவுக் கோட்டைக் கடக்கும்போது 300 மீட்டர்தான் ஆகியிருக்கும். கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பது 1100 மீட்டரில். டிவியில் காட்டும் 400, 800, 1200 ஸ்ப்ளிட்டுகள் முடிவுக் கோட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி, வளைவு முடியும் இடத்தில் எடுக்கப்படுபவை. ஆகவே கடைசிச் சுற்றை நீங்களே அளக்க மணிச் சத்தத்தை நம்ப வேண்டாம், அது தலைமை வீரருக்கு அடிப்பது. உங்களுக்கு வேண்டிய வீரரின் மார்பு முடிவுக் கோட்டைத் தொடும் ஃபிரேமில் தொடங்கி, மீண்டும் தொடும் ஃபிரேமில் நிறுத்துங்கள். வினாடிக்கு 25 ஃபிரேம் காட்சி என்றால் ஒரு ஃபிரேம் 0.04 வினாடி, அதற்கு மேல் துல்லியமாக எழுதாதீர்கள். திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரத்தை வைத்து அளக்கவும் வேண்டாம், அது காட்சிக்கு முந்தியோ பிந்தியோ ஓடலாம். ஒரு மைலுக்கு மட்டும் தொடக்கக் கோடு முடிவுக் கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னால், அதன் பிறகு சரியாக நான்கு சுற்று.

5000 மீட்டர் பன்னிரண்டரைச் சுற்று. எதிர்ப்பக்கத்தில் தொடங்குவதால் 1000, 3000, 5000 ஆகியவை முடிவுக் கோட்டில் விழும்; 2000-மும் 4000-மும் எதிர்ப்பக்கத்தில். ஜோஷுவா செப்டெகெய் 2020-இல் மொனாக்கோவில் ஓடிய 12:35.36 என்பது சுற்றுக்கு 60.43. அதே ஆண்டு வலென்சியாவில் 10,000 மீட்டரில் 26:11.00, சுற்றுக்கு 62.84. இப்படிச் சுற்றுக்கு மாற்றி மனதில் வைத்துக்கொண்டால் நேரலையில் எட்டாவது சுற்று 64 என்று வந்தவுடனே சாதனை நழுவுகிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

ஸ்ப்ளிட் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். திரையில் வருவது பெரும்பாலும் முன்னால் ஓடுபவருடையது, அவர் பேஸராகவே, அதாவது மற்றவர்களுக்கு வேகம் அமைத்துக் கொடுக்க முன்னால் ஓடுபவராகவே இருக்கலாம். லண்டன் 2012 ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடியது ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது என்றால், முதல் 400-இன் 49.28-உம் அடுத்த 400-இன் 51.63-உம் அவருடையதே. முன்னால் இழுத்துச் செல்ல யாரும் இல்லை. பேஸரும், தடத்தின் ஓரத்தில் வேகத்துக்கேற்ப ஓடும் விளக்குகளும் இருக்கும் பந்தயத்தில் வரும் நேரத்தை இதோடு வைக்கும்போது அதைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

சாம்பியன்ஷிப் இறுதிகளில் நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ரியோ 2016-இல் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் 1500 மீட்டரை வென்றது 3:50.00-இல். முதல் 800-க்கே 2:16-க்கு மேல் ஆனது, பிறகு கடைசிச் சுற்று 51 வினாடிக்குள். பாரிஸில் கோல் ஹாக்கர் வென்றது 3:27.65-இல், ஏனென்றால் யாகோப் இங்கெப்ரிக்ட்ஸன் முதலிலிருந்தே வேகத்தை ஏற்றி முன்னால் ஓடினார், கடைசியில் அவரே நான்காவதாக வந்தார். இவ்விரண்டையும் 22 வினாடி வித்தியாசம் என்று சொல்வது சரியான கழித்தல், ஆனால் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத கழித்தல்.

தொடர் ஓட்ட ஸ்ப்ளிட்டுகளிலும் கவனம் வேண்டும். 4x400-இல் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆள் ஓடிக்கொண்டே குச்சியை வாங்குகிறார்; நின்ற இடத்திலிருந்து புறப்படும் தனி ஓட்டத்தைவிட அரை வினாடிக்கு மேல் ஆதாயம். அத்துடன் மாற்றும் பகுதி 20 மீட்டர் நீளம், நேரம் எடுப்பதோ கோட்டில், ஆகவே ஒருவர் 400-க்குச் சில மீட்டர் கூடவோ குறையவோ ஓடியிருப்பார். "அவர் 44.0 ஸ்ப்ளிட் போட்டார், தனி ஓட்டத்தில் தங்கம் நிச்சயம்" என்ற வகைக் கணிப்புகள் அடுத்த வாரமே உடைவது இதனால்தான்.

தாண்டுதல், எறிதல் தாளில் வட்டம், பெருக்கல் குறி, சிறுகோடு என்று மூன்று அடையாளங்கள். வட்டம் உயரம் தாண்டுதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும் வெற்றி, பெருக்கல் தவறு, கோடு அந்த முயற்சியை எடுக்காமல் விட்டுக்கொடுத்தது. உயரம் தாண்டுதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும் சமன் வந்தால் முதலில் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குக் குறைந்த தவறு என்று பார்ப்பார்கள். அதிலும் சமன் என்றால் அந்த உயரம் வரையிலான மொத்தத் தவறு. அதற்கு மேலே தோற்ற மூன்று முயற்சி கணக்கில் வராது, விட்டுக்கொடுத்ததும் தவறாகாது. டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் பர்ஷிமும் தம்பேரியும் 2.37 வரை ஒரு தவறும் இல்லாமல் வந்தார்கள், 2.39-இல் இருவரும் மூன்று முறையும் தட்டினார்கள், தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பாரிஸில் ஹாமிஷ் கெர்ரும் ஷெல்பி மெக்யூவனும் 2.36-இல் சமன், அவர்கள் தாண்டித் தீர்த்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள், கெர் 2.34-ஐத் தாண்டி வென்றார். இரண்டு முடிவும் விதிக்குள்தான். எது சரி என்பதில் ரசிகர்கள் பிரிந்தே இருக்கிறோம். என் கட்சி, அந்த முடிவு இரண்டு வீரர்களிடமே இருக்கட்டும் என்பது.

நீளம் தாண்டுதலில் சமன் என்றால் அடுத்த சிறந்த முயற்சி. டோக்கியோவில் டென்டோக்லுவுக்கும் எசெவரியாவுக்கும் 8.41, இரண்டாவது சிறந்தது 8.15-க்கு 8.09, தங்கம் டென்டோக்லுவுக்கு. அளப்பது பலகையின் முன் விளிம்பிலிருந்து, கால் ஊன்றிய இடத்திலிருந்து இல்லை. பலகை 20 சென்டிமீட்டர் அகலம். நடுப்பலகையில் ஊன்றியவர் பத்து சென்டிமீட்டரைத் தானமாக விட்டிருப்பார். 2021 நவம்பரிலிருந்து, பலகையை ஒட்டி வைக்கும் பிளாஸ்டிசின் களிமண்ணில் தடம் பதிந்ததா என்று பார்ப்பதில்லை, காலணியின் எந்தப் பகுதியாவது அந்த விளிம்பின் செங்குத்துத் தளத்தைத் தாண்டினால் தவறு. பழைய விதியில் கால் நுனி தூக்கிக்கொண்டு தப்பிய தாண்டல்கள் இன்று சிவப்புக் கொடி வாங்கும்.

ஈட்டியில் காலத்தைப் பார்க்காமல் ஒப்பிடவே முடியாது. உவே ஹோன் 1984-இல் எறிந்த 104.80 பழைய ஈட்டி. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை முன்னால் நகர்த்தினார்கள், முனை சீக்கிரம் கவிழ்ந்து இறங்க ஆரம்பித்தது. இன்றைய சாதனை யான் ஜெலஸ்னியின் 98.48, 1996. அர்ஷத் நதீமின் பாரிஸ் 92.97-ஐ இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும், ஹோனுக்குப் பக்கத்தில் இல்லை. பெண்கள் ஈட்டி 1999-இல் மாறியது.

ஓட்டத்தில் இதற்கு இணையான மாற்றம் காலணி. 2024 நவம்பர் 1 முதல் தடத்தில் எல்லா ஓட்டத்துக்கும் அடிப்பாகத்தின் தடிமன் அதிகபட்சம் 20 மில்லிமீட்டர். அதற்கு முன் 800 மீட்டருக்கும் மேலும் 25 வரை செல்லும். சாலையில் 40. பழைய காலத்து 5000 மீட்டர் நேரத்தை இன்றைய நேரத்தோடு வைப்பவர் காலணியைச் சொல்லாமல் விட்டால் வாதம் அரைகுறைதான், அதே நேரத்தில் எல்லாவற்றையும் காலணியின் தலையில் கட்டுவதும் சோம்பேறித்தனம்.

தகுதிச் சுற்றுத் தாளில் பெரிய க்யூ என்றால் இடத்தால் தகுதி, சிறிய க்யூ என்றால் நேரத்தால். இடத்தால் உறுதியானவர் கடைசி 20 மீட்டரில் வேகத்தை விட்டுவிடுவார், அவருடைய 10.05-ஐ எடுத்து "ஃபார்ம் போய்விட்டது" என்பது அபத்தம். தகுதி நீக்கத்துக்குப் பக்கத்தில் விதி எண் இருக்கும்: 16 என்று தொடங்கினால் ஸ்டார்ட், 17 லேன் அல்லது இடையூறு, 22 தடை, 24 தொடர் ஓட்டம். அந்த எண்ணைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும், வதந்திக்கு இடமில்லை. உலகத் தரவரிசையையும் பருவப் பட்டியலையும் ஒன்றாக்க வேண்டாம்: பட்டியல் ஒரே ஒரு சிறந்த நேரம், தரவரிசை, பெரும்பாலான போட்டிகளுக்கு, 12 மாதத்தின் சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரி, அதில் நேரத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிப் புள்ளி. அதனால்தான் பட்டியலில் முதலில் இருப்பவர் தரவரிசையில் ஏழாவதாக இருக்க முடியும்.

ஒரு தாள் எப்போது முடிந்துபோகிறது என்பதும் கேள்வி. ஊக்கமருந்து விவகாரத்தில் தற்காலிக இடைநீக்கம் என்பது தண்டனை இல்லை, விசாரணை நடக்கிறது என்று மட்டும் பொருள். அந்த நிலையில் ஒருவரின் எண்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுப் பேசுவது தவறு. தீர்ப்பு வந்த பிறகு பழைய தாளைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் தவறு. லண்டன் 2012 பெண்கள் 1500 மீட்டரில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களும் பின்னர் நீக்கப்பட்டார்கள், அன்று அச்சான வரிசை இன்று செல்லாது. பெய்ஜிங் 2008 ஆண்கள் 4x100-இல் ஜமைக்காவின் தங்கம், போல்ட்டோடு அந்த அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் ஊக்கமருந்துச் சோதனை முடிவால் 2017-இல் பறிபோய், டிரினிடாட் டொபேகோவுக்குச் சென்றது. 2016 ரியோ முடிந்தபோது எழுதிய கட்டுரைகளில் போல்ட்டுக்கு ஒன்பது ஒலிம்பிக் தங்கம், இன்றைய கணக்கில் எட்டு. யாராவது ஒன்பது என்று எழுதினால் அந்தக் கட்டுரையின் தேதியைப் பாருங்கள்.